முழங்கால் முந்தட்டும்

அம்பாறை மாவட்டத்தின் கரையோரப் பெருவழியில் மருதமுனை தொடங்கி, கல்முனை, சாய்ந்தமருது, நிந்தவூர், அட்டாளைச்சேனை என்று அக்கரைப்பற்று வரையில் நெருங்கிக் கிடக்கும் முஸ்லிம் ஊர்களில், மகளுக்குச் சீதனமாக வீடு கட்டிக் கொடுத்துவிட்டு அதே வளவில் ஒரு சிறு வீட்டில் ஒதுங்கிக்கொள்ளும் பெற்றோர், முதுமையிலும் வியாதியிலும் மீண்டும் அந்த மகளின் வீட்டுக்கே வந்து சேர்வது தலைமுறை தலைமுறையாக நிகழ்ந்துவரும் வழக்கமாகும். பாரிசவாதம் கண்டு, அல்லது இடுப்பெலும்பு முறிந்து, அஷ்ரப் ஞாபகார்த்த வைத்தியசாலையிலோ கல்முனை ஆதார வைத்தியசாலையிலோ சில வாரங்கள் கிடந்து வீடு திரும்பும் வாப்பாவுக்கோ உம்மாவுக்கோ முன்மண்டபத்தில் இடம் ஒழிக்கப்படுகிறது. கைபிடியைச் சுற்றினால் தலைமாடு எழும் இரும்புக் கட்டிலோ, வெளிநாட்டில் உழைக்கும் பிள்ளை பணம் அனுப்பி வாங்குவித்த மோட்டர்க் கட்டிலோ அங்கே வந்து அமர்கிறது. வந்த சில நாட்களுக்குள் ஒரு சிறு தொல்லை தலைகாட்டும். மெத்தை தன் இடத்தில் நிற்பதில்லை. தலைமாட்டில் இரும்புத் தகடு வெளியே தெரிய, கால்மாட்டில் மெத்தையின் விளிம்பு தொங்குகிறது. இத்தொல்லையின் காரணத்தைப் பௌதிகவியலின் துணைகொண்டு சற்று நிதானமாக ஆராய்வது பிரயோஜனமானது; ஏனெனில், அதை அவசரமாகத் தீர்க்க முற்படும் கைகள் நோயாளியின் சரீரத்துக்கு அதனினும் பெரிய தீங்கை விளைவித்துவிடக்கூடும்.

தலைமாடு உயரும் கட்டில் மிகப் பழைய சாதனமல்ல. அமெரிக்க அறுவை வைத்தியர் ஜோர்ஜ் ரையர்சன் ஃபௌளர், வயிற்றறையில் சீழ் கட்டிய நோயாளிகளின் தலைப்பக்கத்தை உயர்த்தி வைத்தால் அச்சீழ் கீழ்நோக்கி வடிந்து அபாயம் குறையும் என்று 1900ஆம் ஆண்டில் எடுத்துரைத்தார். வைத்தியசாலைகளில் இன்றும் அந்நிலை அவர் பெயராலேயே வழங்குகிறது. ஆனால், உயர்த்தப்பட்ட நோயாளி சறுக்கிக் கீழே வந்துகொண்டிருந்தார் என்பதே அக்காலத் தாதியரின் ஓயாத கவலையாக இருந்தது. 1909இல் வில்லிஸ் கச் என்ற மற்றோர் அமெரிக்க வைத்தியர் கட்டிலின் சட்டத்தை முதுகு, தொடை, கால் எனத் தனித்தனியே மடியும் பகுதிகளாகப் பிரித்து, முதுகுப் பகுதியோடு முழங்கால் பகுதியையும் உயர்த்த வழிசெய்தார். இந்த அத்தியாயத்தில் நான் சொல்ல விரும்பும் முக்கியமான விஷயம் அந்த முழங்கால் மடிப்பிலேயே அடங்கியிருக்கிறது. அதற்குள் நுழையுமுன் உராய்வைப் பற்றிச் சிறிது அறிந்துகொள்ள வேண்டும்.

ஒரு பொருளை மற்றொன்றின்மேல் வழுக்கச் செய்யத் தேவையான விசை, அவ்விரண்டையும் ஒன்றோடொன்று அழுத்தும் விசைக்கு விகிதசமமானது என்றும், தொடுகின்ற பரப்பு பெரிதாயினும் சிறிதாயினும் அது மாறுவதில்லை என்றும் பிரெஞ்சு அறிஞர் அமொந்தோன் 1699இல் கூறினார். அவ்விகிதத்தையே உராய்வுக் குணகம் என்கிறோம். பின்னர் கூலோம் 1780களில் வெளியிட்ட பரிசோதனைகளில் இன்னொரு சூட்சுமத்தையும் கண்டார்: இரு பொருள்கள் எவ்வளவு நேரம் அசையாமல் தொட்டுக்கொண்டிருக்கின்றனவோ அவ்வளவுக்கு அவற்றைப் பெயர்க்கும் முயற்சி கடினமாகிறது. பரப்பு ஏன் பொருட்டாவதில்லை என்ற வினா நெடுங்காலம் விடையின்றி நின்றது. கேம்பிரிட்ஜில் பௌடனும் டேபரும் செய்த ஆராய்ச்சிகள் அதைத் தெளிவாக்கின. கண்ணுக்கு மட்டமாகத் தோன்றும் பரப்புகளும் நுண்ணிய மேடுகளும் பள்ளங்களும் கொண்டவையே. மேட்டு நுனிகள் மாத்திரமே மெய்யாகத் தொடுகின்றன. அழுத்தம் கூடும்போது அந்நுனிகள் நசுங்கி மெய்த்தொடுகைப் பரப்பு அதே விகிதத்தில் விரிகிறது.

உராய்வு என்றவுடன் தேய்மானத்தையும் வீணாகும் சக்தியையும் மட்டும் நினைப்பவர்கள் மருதமுனையின் கைத்தறிக் கூடமொன்றில் சிறிது நேரம் நின்று பார்க்க வேண்டும். அங்கே தறியில் ஓடும் பருத்தி நூலைப் பிரித்துப் பார்த்தால் இரண்டு மூன்று சென்ரிமீற்றர் நீளமுள்ள நார்களே கிடைக்கும். அவற்றை ஒட்டுவதற்குப் பசை ஏதும் இல்லை. முறுக்கிய நூலை இழுக்கும்போது வெளிநார்கள் உள்நார்களை இறுக்குகின்றன. இறுக்கம் கூடக் கூட உராய்வு கூடுகிறது. இழுக்கின்ற விசையே தன்னைத் தடுக்கும் விசையை வளர்த்துவிடுகிறது. பாவும் ஊடையும் ஒன்றையொன்று பற்றிக்கொண்டு சாரமாகவும் சேலையாகவும் நிலைப்பதும் இந்த உராய்வினாலேயே. கட்டிலின்மேல் மெத்தையை நிறுத்தும் விசையும் இதுவேதான். ஆனால், நூலில் அமைந்த தந்திரம் மெத்தையில் அமையவில்லை. தலைமாட்டை உயர்த்தும்போது வழுக்கத் தூண்டும் விசை வளர, முதுகுப் பகுதியில் அதைத் தடுக்கும் உராய்வோ தளர்கிறது; சாய்தளம் செங்குத்தை நெருங்க நெருங்க, நிறையில் குறைந்த பங்கே அதன்மேல் செவ்வனாக அழுந்துகிறது.

ஒரு சிறு கணக்கிட்டுப் பார்க்கலாம். அறுபது கிலோகிராம் நிறையுள்ள ஒருவர் படுத்திருக்கிறார். பாதி நிறை முதுகுப் பகுதியிலும் பாதி மட்டமான பகுதியிலும் தங்குவதாகக் கொள்வோம். மெத்தையின் நிறையை விட்டுவிடுவோம். முதுகுப் பகுதி 45 பாகையில் நிற்கையில், மேற்பாதியின் முப்பது கிலோவில் ஏறத்தாழ 21 கிலோ சாய்வின் வழியே கீழ்நோக்கித் தள்ளுகிறது. அதே அளவு தகட்டின்மேல் அழுந்துகிறது. உராய்வுக் குணகம் ஐந்தில் ஒன்றாக இருந்தால் அங்கே தடுக்கப்படுவது நான்கு கிலோ மட்டுமே. எஞ்சிய 17 கிலோ மடிப்பில் வந்து, கிடையாகப் 12 கிலோவும் கீழ்நோக்கிப் 12 கிலோவுமாகப் பிரிகிறது. மட்டமான பகுதியில் இப்போது அழுந்துவது 42 கிலோ. அதில் ஐந்தில் ஒன்று எட்டுக் கிலோவுக்குச் சற்று மேல். பன்னிரண்டை எட்டு தடுக்க மாட்டாது; மெத்தை நகர்கிறது. குணகம் ஏறத்தாழ 0.27ஐத் தாண்டினால் அது நிற்கும் என்று இதே கணக்கு காட்டும். இந்த எளிய மாதிரியில் இன்னொரு விசித்திரமும் வெளிப்படுகிறது: 30 பாகைக்கும் 60 பாகைக்கும் தேவையான குணகம் ஒன்றே, சுமார் 0.23, இடையிலுள்ள 45 பாகையே எல்லாவற்றிலும் கடினமான நிலை. பலரும் சாப்பிடவும் பேசவும் தேர்ந்துகொள்ளும் சாய்வும் அதுதான்.

வர்ணம் பூசிய இரும்புத் தகட்டின்மேல் வழவழப்பான றெக்சின் உறையோ, பளபளக்கும் செயற்கை நூலுறையோ கிடக்கும்போது குணகம் அந்த 0.27 என்ற எல்லைக்குக் கீழே இறங்குவது எளிது. எங்கள் கரையில் அதை மேலும் எளிதாக்கும் காரணங்கள் உண்டு. கச்சான் காற்று வீசும் மாதங்களில், சாளரத்தை எவ்வளவு சாத்தினாலும் நுண்மணல் உள்ளே புகுந்துவிடுகிறது. மெத்தைக்கும் தகட்டுக்கும் இடையில் சிக்கும் அந்த மணிகள் உருண்டு கொடுக்கின்றன. வியர்க்குருவுக்காக நோயாளியின் முதுகில் தூவப்படும் பவுடர் இன்னும் மோசமானது. அதில் பெரும்பாலும் சேரும் டல்க் என்னும் கனிமம் மிக மெல்லிய தகடுகள் ஒன்றன்மேலொன்று வழுக்கும் அமைப்புடையது. மெத்தை விளிம்பால் இறங்கித் தகட்டில் படிந்தால் எண்ணெய் தடவியதற்கு ஒப்பாகும்.

மெத்தையின் தடிப்பைப் பற்றிக் கடையில் எவரும் சொல்வதில்லை. எட்டு அங்குலத் தடிப்புள்ள, அதாவது இருபது சென்ரிமீற்றர் மெத்தையை 45 பாகைக்கு மடித்தால், அடிப்புறத்தைக் காட்டிலும் மேற்புறம் ஏறத்தாழ 16 சென்ரிமீற்றர் குறுகியாக வேண்டும். நான்கு அங்குல மெத்தைக்கு அதிற் பாதி போதும். மிருதுவான றப்பர் மெத்தை அப்படிச் சுருங்கிக் கொடுக்கும். விறைப்பான தும்பு மெத்தை சுருங்க மறுத்து, மடிப்பைத் தொடாமல் வில்போல் வளைந்து நிற்கும். வளைவின் வழி மடிப்பின் வழியைவிடக் குறுகியதாகையால், மிஞ்சிய நீளம் கால்மாட்டால் வெளியே தள்ளப்படும். இத்தகைய மெத்தையின்கீழ் எதை விரித்தாலும் பயன் குறைவு. வழுக்கலுக்குக் காரணம் உராய்வுக் குறைவு என்பதைவிட மெத்தையின் விறைப்பே என்பதால் மெத்தையை மாற்றுவதுதான் தகும். வைத்தியசாலை மெத்தைகள் வீட்டு மெத்தையைவிட மெல்லியனவாக இருப்பதன் நியாயங்களில் இதுவும் ஒன்று. ஆடம்பரமென்று கருதித் தடித்த மெத்தையை வாங்கி மடியும் கட்டிலில் இடுவது உதவாது என்பது என் உறுதியான அபிப்பிராயம்.

ஒரே தடவையில் மெத்தை ஓரடி இறங்கிவிடுவதில்லை. உயர்த்தும்போது விரற்கடை அளவு கீழே வருகிறது. தாழ்த்தும்போது, அதை மேல்நோக்கித் தள்ள எந்த விசையும் இல்லாமையால், வந்த இடத்திலேயே தங்குகிறது. அடுத்த முறை அங்கிருந்து இன்னும் ஒரு விரற்கடை. முன்னே செல்ல விட்டுப் பின்னே வர விடாத பற்சக்கரத்தின் இயல்பு இது. எங்கள் வீடுகளில் இந்தச் சுற்று எத்தனை முறை நிகழ்கிறதென்று எண்ணிப் பார்க்க வேண்டும். நிற்க இயலாதவர் இருந்தும், இருக்க இயலாதவர் படுத்தும் தொழலாம் என்று மார்க்கம் இலகுபடுத்தியிருப்பினும், சாய்ந்தேனும் இருந்து தொழவேண்டும் என்றே முதியவர்கள் பெரும்பாலும் விரும்புகிறார்கள். சுபஹ், லுஹர், அஸர், மஃரிப், இஷா என ஐந்து வக்துக்கும் தலைமாடு உயர்ந்து தாழ்கிறது. மூன்று வேளை உணவும் மருந்தும் அதனுடன் சேர்கின்றன. கட்டிலை நெடுநேரம் அசையாமல் வைத்தால் பிடிப்பு இறுகும் என்ற கூலோமின் கண்டுபிடிப்பு இங்கே உதவிக்கு வர அவகாசமே கிடையாது. கிப்லாவை முன்னிட்டுக் கட்டிலைத் திருப்பிப் போடுகையில் ஏற்படும் அதிர்வும் சில அங்குலங்களைச் சேர்த்துவிடும்.

இனி, தடுக்கும் வழிகள். மிக எளியதும் மிக உறுதியானதும் கால்மாட்டிலும் பக்கங்களிலும் நிற்கும் இரும்புத் தடுப்பே. பல கட்டில்களோடு வளைந்த கம்பிகளாக அவை வருகின்றன. பெட்டியைப் பிரிக்கும்போது பயனற்றவையென ஒதுக்கிவிடாமல் பொருத்திக்கொள்ள வேண்டும். தடுப்பு இல்லாத கட்டிலில் நாடாவால் மெத்தையின் தலைப்பக்க மூலைகளைச் சட்டத்தோடு கட்டலாம். ஆனால், நாடா சட்டத்தின் அசையும் பகுதியோடு மட்டுமே கட்டப்பட வேண்டும். அசையாப் பகுதியோடு கட்டினால் உயர்த்தும்போது நாடா அறும், அல்லது மோட்டர் திணறும். சுவிட்சர்லாந்தின் டி மெஸ்திரால் தம் நாயின் ரோமத்தில் ஒட்டிய முட்காய்களை உருப்பெருக்கியில் நோக்கி உருவாக்கிய வெல்குரோ, கொக்கியும் கண்ணியுமாகப் பற்றுவதால், உராய்வையே நம்பியிருக்க வேண்டிய அவசியத்தைக் குறைக்கிறது. எனினும் நார்த்தூசு படிந்தால் பிடியை இழந்துவிடும்.

பெரும்பாலோருக்குக் கைக்கெட்டுவது றப்பரே. 1876இல் விக்கம் பிரேசிலிலிருந்து கொண்டுவந்த வித்துகள் இலண்டன் கியூ தோட்டத்தில் முளைத்து, அந்த நாற்றுகள் கம்பஹாவுக்கு அருகேயுள்ள ஹெனரத்கொடையில் நடப்பட்ட நாள் முதல் இலங்கைக்கு இம்மரம் சொந்தமாயிற்று. அமொந்தோனின் விதியை மதியாத பொருள் றப்பர். அதன் மேடுகள் மிருதுவானவையாதலால் சிறு அழுத்தத்திலேயே எதிர்ப்பரப்பின் பள்ளங்களில் இறங்கிப் பெரும்பரப்பில் தொடுகின்றன. அழுத்தத்தை மேலும் கூட்டும்போது தொடுகைப் பரப்பு அதே விகிதத்தில் வளர்வதில்லை. ஆகவே பாரம் கூடக் கூட அதன் குணகம் குறைகிறது. உலர்ந்த தூய பரப்பில் அது ஒன்றைக்கூடத் தாண்டும். இதிலிருந்து கிடைக்கும் நடைமுறைப் பாடம் தெளிவானது: நான்கு மூலைகளில் நான்கு துண்டு றப்பரை வைத்துப் பாரம் முழுவதையும் அவற்றின்மேல் குவிப்பதைவிட, கண்ணி கண்ணியாக உள்ள வழுக்காவிரிப்பைத் தகடு முழுவதிலும் பரப்புவதே மேல். மடிப்பின் குறுக்கே அதை ஒரே துண்டாக விரிக்காமல், ஒவ்வொரு பகுதிக்கும் தனித்தனியே வெட்டி இட்டால் சுருக்கம் விழாது. பழைய சைக்கிள் டியூபை நீளவாக்கில் வெட்டி, உள்ளிருக்கும் வெள்ளைப் பொடியைச் சவர்க்கார நீரால் நன்றாகக் கழுவி நெருக்கமாக இட்டாலும் பலன் உண்டு. பொடியைக் கழுவாது இட்டால் வழுக்கலைக் காசில்லாமல் வாங்கியதாகும். பீ.வீ.சீ. பூசிய விரிப்புகளை றெக்சின் உறையின்மேல் நேரடியாக வைப்பதைத் தவிர்ப்பது நல்லது. அவற்றில் மென்மைக்காகச் சேர்த்த திரவம் நாளடைவில் கசிந்து உறையில் கறையையும் பிசுபிசுப்பையும் உண்டாக்கும். எந்த விரிப்பையும் மாதமொருமுறையாவது கழுவி நிழலில் உலர்த்த வேண்டும். கடும் வெயிலிலும் காற்றிலுள்ள ஓசோனிலும் இயற்கை றப்பர் வெடித்துப்போகும்.

இவ்வளவும் செய்து மெத்தையை ஆணியடித்தாற்போல் நிறுத்திவிட்டோம் என்று வைத்துக்கொள்வோம். புவியீர்ப்பு தன் வேலையை நிறுத்திவிடுமா? கட்டிலில் ஒன்றன்மேலொன்றாகப் பல தொடுகைகள் உள்ளன: தகட்டுக்கும் மெத்தைக்கும் இடையில் ஒன்று, மெத்தைக்கும் விரிப்புத் துணிக்கும் இடையில் ஒன்று, துணிக்கும் தோலுக்கும் இடையில் ஒன்று, அதற்கும் மேலாக, தோலுக்கும் உள்ளிருக்கும் எலும்புக்கும் இடையே சதை என்னும் மெல்லிய படலம். எது மிகவும் பலவீனமோ அங்கே நகர்வு நிகழும். அடியிலுள்ள தொடுகையை இறுக்கினால் நகர்வு மேலே ஏறுகிறது. நோயாளி மெத்தையின்மேல் சறுக்கத் தொடங்குகிறார். துணியும் பிடித்துக்கொண்டால் தோல் அசையாது நிற்க, எலும்பு மட்டும் உள்ளே கீழிறங்கப் பார்க்கிறது. அவ்விசையையே கொய்வு என்கிறோம். அது சதையினூடே செல்லும் நுண்ணிய இரத்தக் குழாய்களை இழுத்து நெரிக்கிறது. பக்கவாட்டு இழுவை படுக்கைப் புண்ணுக்குக் காரணமாவதை ரைக்கெல் என்ற வைத்தியர் 1958இல் அமெரிக்க வைத்தியச் சங்கத்தின் சஞ்சிகையில் எடுத்துக்காட்டினார். முதுகெலும்பின் அடியில், இருப்பிடத்துக்குச் சற்று மேலே, தோல் சிவப்பதும் கறுப்பதும் பின் வெடிப்பதும் அழுத்தத்தால் மட்டும் நேர்வதல்ல என்பதை நோயாளியைப் பராமரிக்கும் ஒவ்வொருவரும் அறிந்திருத்தல் அவசியம். நகரும் மெத்தை கண்ணில் படுகிறது. உள்ளே நகரும் எலும்பு கண்ணில் படுவதில்லை.

சாய்ந்தமருதில் ஒரு வீட்டில் இதைப் பிரத்தியட்சமாகக் கண்டேன். மெத்தையின்கீழ் நல்ல விரிப்பு இட்டிருந்தார்கள். அது அணுவளவும் அசையவில்லை. தாயார்தான் கால்மாடுவரை வந்துவிட்டிருந்தார். மகள் அக்குள்களில் கைகொடுத்து மேலே இழுத்தபோது அவர் முகம் சுளித்து, “மகள், இழுக்காத, முதுகுத் தோல் உரியிறாப் போல கெடக்கு” என்றார். கட்டிலின் கால்பக்கத்தில் இரண்டாவது கைபிடி மடக்கியபடியே கிடந்தது. அது எதற்கென்று எவரும் அவர்களுக்குச் சொல்லியிருக்கவில்லை. தலைமாட்டை முழுதும் தாழ்த்தி, விரிப்புத் துணியின் இரு பக்கங்களையும் இருவர் பிடித்துத் தூக்கி அவரை மேலே கொண்டுவந்து, அந்தக் கைபிடியைச் சுற்றி முழங்கால்களை முதலில் உயர்த்தி, அதன்பின் முதுகை மெல்ல மெல்ல உயர்த்தியபோது, அவர் இருந்த இடத்திலேயே இருந்தார்.

இதன் காரணம் சுலபமானது. தொடைப் பகுதி எதிர்ப்புறமாகச் சாய்ந்தவுடன் கட்டிலின் நடுவில் ஒரு பள்ளத்தாக்கு உருவாகிறது. சரீரம் கால்மாட்டை நோக்கி நகரவேண்டுமானால் இப்போது அது ஒரு மேட்டில் ஏறியாக வேண்டும். தொடைகளின் நிறையில் ஒரு கூறு, முன்பு வெறும் பாரமாக அழுந்தியது, இப்பொழுது முதுகின் தள்ளுதலை எதிர்த்து நிற்கிறது. இது உராய்வின் தயவில் நிகழும் தடுப்பல்ல. ஆகையால் தூசியும் பவுடரும் அதைக் கெடுக்க மாட்டா. நோயாளி, துணி, மெத்தை ஆகிய மூன்றையும் அது ஒருங்கே நிறுத்துகிறது. வரிசை தலைகீழானால் இந்தப் பயன் இல்லை: முதுகு முதலில் உயர்ந்தால் சறுக்கல் அதற்குள் நடந்து முடிந்துவிடும், பின்னர் எழும் முழங்கால் மடிப்பு, முழங்காலுக்குக் கீழே வரவேண்டியது, தொடையின் நடுவில் இடிக்கும். தாழ்த்தும்போது முதுகை முதலிலும் முழங்காலைப் பின்னரும் இறக்குவதே முறை. முழங்கால் மடிப்பு இல்லாத கட்டிலுக்குச் சுருட்டிய சாரமோ உறுதியான தலையணையோ தொடைகளின்கீழ் முழங்கால்வரை இட்டுக்கொள்ளலாம். குதிகால் மட்டும் மெத்தையில் அழுந்தாதபடி பார்த்துக்கொள்ள வேண்டும்.

உயர்த்திய பின் செய்யவேண்டிய ஒரு சிறு காரியம் உண்டு. முதுகை மெத்தையிலிருந்து ஒரு கணம் முன்னே சாய்த்துப் பிரித்து மீண்டும் படியவிட்டால், உயர்த்தும்போது தோலில் தேங்கிய கொய்வு விடுபடுகிறது. குழாய் வழியாக உணவு பெறுபவர்க்கு வைத்தியர் விதித்த சாய்வை மாற்றலாகாது. மற்றவர்க்கு உணவும் தொழுகையும் முடிந்தபின் தலைமாட்டை 30 பாகைக்கோ அதற்குக் கீழோ இறக்கிவிடுவதும், இரவில் இன்னும் தாழ்த்துவதும் நலம். மெத்தை உண்மையில் நகர்கிறதா என்பதை அறிய, தலைமாட்டு விளிம்புக்கு நேரே கட்டிற் சட்டத்தில் வெண்கட்டியால் ஒரு கோடிட்டு, ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் துணி மாற்றும்போது அந்தக் கோட்டுக்கும் விளிம்புக்கும் உள்ள இடைவெளியை அளந்து வரலாம். இடைவெளி வளர்ந்தால் விரிப்பைக் கழுவ வேண்டும். இடைவெளி மாறாதிருந்தும் நோயாளி கீழே வந்துகொண்டிருந்தால், விரிப்பை விட்டுவிட்டு முழங்கால் கைபிடியையும் அவருடைய முதுகின் அடித்தோலையும் அன்றே பார்க்க வேண்டும்.